எங்கள் பூங்கா, நம் பூங்கா: அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பொதுவிடம் அமைத்தல்

முன்னுரை

மொழியியல் பயின்ற ஒருவர் பூங்கா அமைப்பைப் பற்றிப் பேச முன்வருவது அவையோருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். பூங்காவை வரைபவர் நிலவமைப்பு வல்லுநர், கட்டுபவர் பொறியாளர், பேணுபவர் நகர மன்றத்தார். மொழியியலாளருக்கு அங்கு என்ன வேலை எனக் கேட்பது முறையே. ஒரு பூங்கா மண்ணில் உருப்பெறுவதற்கு முன்பு சொல்லில் உருப்பெறுகின்றது என்பதே நம் விடை. திட்டக் குறிப்பு, குடியிருப்பாளரிடம் கொடுக்கும் வினாப்படிவம், கூட்ட அறிக்கை, இறுதியில் நட்டுவைக்கும் அறிவிப்புப் பலகை ஆகிய அனைத்தும் மொழியால் ஆனவை. அம்மொழியில் இடம்பெறாத தேவை பெரும்பாலும் மண்ணிலும் இடம்பெறுவதில்லை.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் நிறுவப்பட்டது. இன்று இந்நாட்டு மக்களில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் அதன் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். மரம் நடும் இயக்கம் 1963இல் தொடங்கியது. தோட்ட நகரம் என்னும் நோக்கம் 1967இல் அறிவிக்கப்பட்டது. 2030ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 10 நிமிட நடையில் ஒரு பூங்கா இருத்தல் வேண்டும் என்பது இன்றைய இலக்கு. தெங்கா போன்ற புதிய நகர்களில் ஏறத்தாழ 700 எக்டர் பரப்பு முழுவதும் காட்டு வழித்தடத்தையும் பசுமையையும் மனத்திற்கொண்டு திட்டமிடப்பட்டுள்ளது.

இவை பெருந்திட்டங்கள். இக்கட்டுரை பேச விரும்புவதோ அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே அரை எக்டர் அளவில் அமையும் சிறு பூங்காவைப் பற்றி. 10 நிமிட நடை என்பது நல்ல உடல்நலம் உடையவருக்கு ஏறத்தாழ 800 மீட்டர். கைத்தடி ஊன்றி நடப்பவருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் அது எட்டாத் தொலைவு. அவர்களுக்குப் பூங்கா என்பது மின்தூக்கியை விட்டு இறங்கியதும் கண்ணில் படும் இடமே.

சொற்கள் சுமந்து வருபவை

பூ, கா என்னும் இரு சொற்களின் புணர்ச்சியே பூங்கா. பூ என்னும் பெயருக்குப் பின் வல்லெழுத்து வருமிடத்து அதன் இன மெல்லெழுத்துத் தோன்றும் என்பதை மாணவர் அறிவர். பூங்கொடி, பூந்தோட்டம், பூம்பொழில் என்பன அவ்வாறு அமைந்தவை. கா என்பது மரச்செறிவைக் குறிக்கும் பழஞ்சொல். திருவானைக்கா, திருக்கோடிக்கா என்னும் ஊர்ப்பெயர்களில் அஃது இன்றும் வாழ்கின்றது. காத்தல் என்னும் வினையோடு அதனை இணைத்துப் பார்க்க மனம் விழையும். எனினும் ஒலியொற்றுமை ஒன்றையே சான்றாகக் கொண்டு இரண்டும் ஒரே வேரின என்று துணிதல் மொழியியல் நெறியன்று.

பூங்கா என்னும் சொல் மரத்தையும் மலரையும் சொல்லுகின்றது, மனிதரைச் சொல்லவில்லை. மனிதர் கூடும் இடத்திற்குத் தமிழில் வேறு சொற்கள் இருந்தன. ஊர் நடுவே மரத்தடியில் மக்கள் கூடும் இடம் மன்றம். அனைவருக்கும் பொதுவான இல் பொதியில். பட்டினப்பாலை காட்டும் பொதியிலில் ஊருக்குப் புதியவராய் வந்தோர் தங்குகின்றனர். அவர்களை அந்நூல் வம்பலர் என்கின்றது. வம்பு என்பதற்கு அன்று புதுமை என்று பொருள். புதிய நகரின் குடியிருப்பாளர் அனைவரும் இப்பொருளில் வம்பலரே. ஆகவே அவர்களுக்கு வேண்டுவது பூங்கா மட்டும் அன்று. பூங்காவும் பொதியிலும் ஓரிடத்தில் அமைதல் வேண்டும்.

இவ்வட்டாரத்து வழக்கில் மேலும் இரு சொற்களைக் கருதவேண்டும். மலாய்மொழியில் தாமான் என்றால் பூந்தோட்டம். மலேசியாவில் அச்சொல்லே வீடமைப்புப் பகுதிகளின் பெயராகவும் நிலைத்துவிட்டது. எந்தத் தாமானில் குடியிருக்கிறீர்கள் என்று அங்குள்ள தமிழர் கேட்கும்போது வீட்டு வரிசையே நினைவுக்கு வருகின்றது, செடிகொடிகள் வருவதில்லை. தோட்டம் என்னும் நம் சொல்லோ அங்கு இரப்பர் மரங்களையும் விடியற்காலைப் பெரட்டையும் நினைவூட்டும். அச்சொல்லில் உழைப்பின் களைப்பு உண்டு. அதே வேளையில் திடலும் கோயிலும் பள்ளியும் அண்டை வீட்டாரும் சேர்ந்த ஒரு கூட்டு வாழ்வும் உண்டு. தோட்டத்தில் பிறந்து அடுக்குமாடியில் முதுமை அடைபவர் இழந்ததாகச் சொல்வது பெரும்பாலும் அக்கூட்டு வாழ்வையே. பூங்காவைத் திட்டமிடுவோர் இந்நினைவுகளை அறிந்திருத்தல் நன்று.

பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, புதிதாக மக்கள் குடியேறிய ஒரு குடியிருப்பில் கருத்தறியும் வினாப்படிவம் ஒன்றின் தமிழ்ப்பகுதியைச் சரிபார்க்கும் பணி நமக்கு வாய்த்தது. முதியோர் சிலரோடு கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில் அமர்ந்து, படிவத்தை வாசித்துக் காட்டி விடைகளை எழுதிக்கொண்டோம். பூங்காவில் எந்தெந்த வசதிகள் அமையவேண்டும் என்பது முதல் வினா. அதன்கீழ் விளையாட்டுத் தளம், உடற்பயிற்சிக் கருவி, இருக்கை, கூரையிட்ட நடைபாதை எனக் கட்டங்கள் இருந்தன. எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டபின், "எல்லாம் நல்லதுதான் தம்பி. நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்குங்க" என்றார்.

படிவத்தை மூடிவைத்துவிட்டு, "நேத்து சாயங்காலம் என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டோம்.

"பேத்தி ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்னேன். தெனமும் அரை மணி நேரம் நிக்கணும். அங்க நெழலும் இல்ல, ஒக்கார எடமும் இல்ல. நீங்க சொல்ற பார்க்கு அந்தப் பக்கம்ல வரப்போகுது" என்றார்.

முதல் வினா பெயர்ச்சொற்களைக் கேட்டது. இரண்டாவது வினை ஒன்றைக் கேட்டது. காத்திருத்தல் என்னும் வினை வெளிப்பட்டவுடன் பூங்காவின் ஓர் எல்லை தானாகவே விளங்கிவிட்டது. பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் இடத்தைப் பூங்காவின் ஒரு வாயில் தொடவேண்டும். அங்கே நிழலும் சாய்மானமுள்ள இருக்கையும் வேண்டும். அவ்விடையை எழுதுவதற்குப் படிவத்தில் தனியிடம் இல்லாமையால் 'பிற' என்னும் கட்டத்தில் எழுதினோம். பின்னர்த் திருத்தி அச்சிட்ட படிவத்தில் ஒரு வினா கூடியிருந்தது: நாள்தோறும் நீங்கள் எங்கே காத்திருக்கிறீர்கள்?

வசதிகளைக் கேட்டால் மக்கள் தாம் முன்பு கண்டவற்றையே சொல்வர். செயல்களைக் கேட்டால் தம் வாழ்வைச் சொல்வர். இவ்வேறுபாட்டை நம் இலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்துத் தந்துள்ளது. ஒரு தொழில் நிகழ்வதற்குரியனவாகத் தொல்காப்பியர் எட்டினைக் கூறுகின்றார். இன்றைய சொற்களில் அவை: செயல், செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் என்பன. திட்டக் குறிப்பு ஒன்றை எடுத்து இவ்வெட்டையும் அதில் தேடிப் பார்க்கலாம். இடமும் கருவியும் நிரம்ப இருக்கும். செய்பவரும் காலமும் பெரும்பாலும் இருப்பதில்லை. அமைக்கப்படும், வழங்கப்படும், மேம்படுத்தப்படும் என்னும் செயப்பாட்டு வினைகளில் எழுவாய் மறைந்துவிடுகின்றது. அந்த எழுவாயைத் தேடிக் கண்டுபிடிப்பதே பூங்காத் திட்டத்தின் முதற்பணி.

பரப்பு சிறிது, காலம் பெரிது

ஓர் எடுத்துக்காட்டு. புதிய குடியிருப்பு ஒன்றில் 1,500 வீடுகள் உள்ளன எனவும் வீட்டுக்கு மூவர் எனவும் கொள்வோம், மக்கள்தொகை 4,500. பூங்காவின் பரப்பு அரை எக்டர், அதாவது 5,000 சதுர மீட்டர். ஒருவர் பங்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதல். ஒரு நாற்காலியும் அதைச் சுற்றிச் சிறிது இடமும். இக்கணக்கைக் கண்டு மனம் தளர்தல் எளிது. விளையாட்டுத் தளத்திற்கு ஒரு துண்டு, முதியோர்க்கு ஒரு துண்டு, பந்தாட்டத்திற்கு ஒரு துண்டு எனப் பரப்பைக் கூறுபோட்டால் எவருக்கும் போதாது.

ஆயினும் 4,500 பேரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. காலை ஆறு மணிக்கு முதியோர் உடற்பயிற்சி செய்வர். ஒன்பது மணியளவில் குழந்தைகளோடு பாட்டியரும் இல்லப் பணிப்பெண்களும் வருவர். நண்பகலில் துப்புரவுப் பணியாளர் நிழல் தேடுவர். நான்கு மணிக்கு மேல் மாணவர் வருவர். இரவு எட்டு மணிக்குப் பின் வேலை முடிந்தோர் நடப்பர். ஆகவே சிறு பூங்காவில் பங்கிடவேண்டியது காலத்தையே. ஒரே தளம் காலையில் பயிற்சிக்களமாகவும் மாலையில் ஓடியாடும் இடமாகவும் ஆகவேண்டுமாயின், அதன் நடுவே அசையாப் பொருள்களை நிறுவுதல் கூடாது. கருவிகளும் இருக்கைகளும் ஓரங்களுக்குச் செல்லவேண்டும். நடுவிடம் தளம் சமமாக, பெயரிடப்படாமல், திறந்திருக்கவேண்டும். அவ்வாறு விடப்பட்ட இடத்தை வீணான இடம் எனக் கணக்கிடும் பழக்கம் சிறு பூங்காக்களுக்குப் பெருங்கேடு.

நிழலும் நீரும்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு மிக அருகில் உள்ளது. நண்பகலில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேலே நிற்கின்றது. அப்பொழுது இருபது மாடிக் கட்டடமும் சிறு நிழலையே தரும். மாலையில் அதே கட்டடத்தின் நிழல் கிழக்கு நோக்கி நீள்கின்றது. எனவே பிள்ளைகளின் மாலை விளையாட்டிடம் உயர்ந்த கட்டடத்திற்குக் கிழக்கே அமையுமாயின், செலவின்றி நிழல் கிடைக்கும். நண்பகல் நிழலை மரம் ஒன்றே தரவல்லது.

அதற்கு உரிய மரங்களுள் ஒன்று நாம் தூங்குமூஞ்சி என்றழைக்கும் மரம். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இம்மரம் 1876இல் சிங்கப்பூருக்கு வந்தது. அந்தியில் அதன் இலைகள் மடிவதைத் தமிழர் உறக்கமாகக் கண்டனர். மலாய்க்காரர் அதையே கடிகாரமாகக் கண்டு, ஐந்து மணி எனப் பொருள்படும் புக்குல் லீமா என்னும் பெயரை இட்டனர். ஆங்கிலத்தில் அது மழைமரம். ஒரே மரத்தை மூன்று மொழியினர் மூன்று வகையாக நோக்கியிருப்பதை மாணவர்க்கு அம்மரத்தடியிலேயே கற்பிக்கலாம். முதிர்ந்த மரத்தின் கிளைப்பரப்பு 30 மீட்டர் அகலம் வரை விரியும். அதாவது ஏறத்தாழ 700 சதுர மீட்டர் நிழல். நம் அரை எக்டர்ப் பூங்காவில் இத்தகைய மரம் இரண்டோ மூன்றோ நிற்கமுடியும். அதற்கு ஆழ்ந்த மண் வேண்டும். நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தின் கூரைமீது பரப்பிய மண்ணில் அது வேரூன்றாது. ஆதலால் மரம் எங்கே நிற்கும் என்பதைக் கட்டட வரைபடம் முடிவாவதற்கு முன்பே தீர்மானித்தல் வேண்டும். கட்டி முடித்தபின் நினைவுக்கு வரும் மரம் தொட்டியில்தான் வளரும்.

நிழலை அடுத்து நீர். இங்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. அதுவும் குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகி டெங்கி பரவும். எனவே நீரை விரைந்து வடியச் செய்வதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. பீஷான்-அங் மோ கியோ பூங்கா 2012இல் புதுப்பிக்கப்பட்டபோது 2.7 கிலோமீட்டர் நீளக் கற்காரைக் கால்வாய், வளைந்து செல்லும் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றப்பட்டது. மழை மிகும்போது அதன் கரைப் புல்வெளி நீரை ஏற்றுக்கொள்கின்றது. மழை ஓய்ந்தபின் அதே வெளியில் மக்கள் நடக்கின்றனர். சிறு பூங்காவுக்கு ஆறு வேண்டியதில்லை. புல்வெளியின் ஒரு பகுதியைச் சற்றுத் தாழ்வாக அமைத்து, மணலும் வேர்களும் நீரைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடுமாறு செய்தால் போதும். இங்கும் காலப் பங்கீடே நிகழ்கின்றது. மழைநேரத்தில் இடம் நீருக்குரியது, பிறகு மக்களுக்குரியது.

பலகையின் மொழி

பூங்கா திறந்ததும் பலகைகள் வந்துவிடும். அவற்றில் உள்ள வினைகளை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பந்து விளையாடாதீர், மிதிவண்டி ஓட்டாதீர், புறாக்களுக்கு உணவளிக்காதீர், புல்லை மிதிக்காதீர் என எல்லாம் எதிர்மறை வினைகள். செய்யலாம் என்னும் வினை ஒன்றுமில்லை. பத்து வயதுச் சிறுவன் அப்பலகையிலிருந்து தன்னைப் பற்றி என்ன அறிந்துகொள்வான்?

தடை வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. புறாக்களுக்கு உணவிடுவதால் கேடு உண்டு. படுக்கையறைச் சாளரத்தின்கீழ்ப் பந்தோசை எழுவது நோயாளிக்குத் துன்பம். ஆனால் பலகை பேசும் பலவற்றைத் தளவமைப்பே பேசமுடியும். பந்தாடும் இடத்தை வீடுகளிலிருந்து தள்ளிச் சாலையோரமாக வைத்தால், போக்குவரத்தின் ஓசையோடு பந்தோசையும் கலந்துவிடும். பாதையைச் சற்று வளைத்தால் மிதிவண்டியின் வேகம் தானே குறையும். மக்கள் புல்லை மிதித்து வழி உண்டாக்கிவிட்டால், அவ்வழியே அவர்களுக்கு உரிய பாதை என ஏற்றுக் கல் பதிப்பதே அறிவுடைமை. பலகை என்பது, திட்டம் தவறிய இடத்தில் நடப்படுவது.

தமிழ் வரியில் பிழை நேரும்போது அதன் இழப்பு ஒரு எழுத்தோடு நிற்பதில்லை. நான்கு மொழிப் பலகையில் மற்ற மூன்றும் திருத்தமாக இருக்கத் தமிழ் மட்டும் ஒற்றிழந்தும் எழுத்துச் சிதைந்தும் நிற்குமாயின், இது தமக்காக எழுதப்பட்டதன்று என்றே படிப்பவர் முடிவு செய்வர். அவர் இங்குப் பிறந்தவராக இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்து அப்பூங்காவில் புல் வெட்டும் ஊழியராகவும் இருக்கலாம்.

நாமும் நாங்களும்

தமிழில் கேட்பவரை உட்படுத்தினால் நாம், விலக்கினால் நாங்கள். மலாய்மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு: கீத்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பூங்காத் திட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், இது யாருடைய பூங்கா என்னும் வினா அங்கே மறைந்துவிடுகின்றது. மொழிபெயர்ப்பவர் எங்கள் பூங்கா என்பதா, நம் பூங்கா என்பதா எனத் தயங்கும்போதுதான் அவ்வினா எழுகின்றது.

இந்நாட்டில் 1989 முதல் நடைமுறையில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் ஒவ்வொரு கட்டடத்திலும் பல இனத்தார் கலந்து வாழ்கின்றனர். கொள்கை அவர்களை ஒரே மின்தூக்கியில் ஏற்றிவிடலாம், பேசவைக்க இயலாது. பேச்சுக்குச் சிறு காரணம் வேண்டும். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்ட இயக்கம் அத்தகைய காரணம் ஒன்றை அளித்தது. நம் சிறு பூங்காவின் ஓர் ஓரத்தில் நான்கைந்து பாத்திகள் இருந்தால் போதும். கறிவேப்பிலையை மலாய்மொழியில் டாவுன் காரி என்பர். கறி நம் சொல். முருங்கைக்குரிய மலாய்ப் பெயர்களுள் ஒன்றான மெருங்கை நம் சொல்லையே நினைவூட்டும். இது எந்த இலை, எதற்குப் போடுவீர்கள் என்னும் இரு வினாக்களில் தொடங்கிய அறிமுகங்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

அதே வேளையில், கூடிப் பயிரிடுவோர் தமக்குள் ஒரு குழுவாகி, வேலியிட்டுப் பூட்டும்போது நாம் மீண்டும் நாங்கள் ஆகிவிடுவதையும் கண்டிருக்கிறோம். திருட்டுக்கு அஞ்சிப் பூட்டுவது இயல்பே. ஆனால் பாத்திகளைப் பொதுப்பாதையின் ஓரத்தில், அமர்ந்து பார்ப்பதற்கு ஏற்ற இருக்கைகளோடு அமைத்தால், பலர் கண்களே காவலாகும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் தோழியரோடு வந்து அமரும் இல்லப் பணிப்பெண்ணும் அந்த இருக்கைக்கு உரியவரே. அவருடைய பெயர் வீட்டுரிமைப் பட்டியலில் இல்லை. எந்த வினாப்படிவமும் அவரிடம் தரப்படுவதில்லை. ஆனால் கிழமையின் ஏழு நாளும் அப்பூங்காவை மிகுதியாகப் பயன்படுத்துவோருள் அவரும் ஒருவர். நாம் என்னும் சொல்லின் எல்லை எதுவரை என்பதை ஒரு குடியிருப்பு இவ்விடத்திலேதான் முடிவு செய்கின்றது.

நிறைவுரை

சிறு பூங்கா சிறப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆழ்ந்த மண்ணில் இரண்டு மரம், பெயரிடப்படாத ஒரு நடுவெளி, மக்கள் காத்திருக்கும் இடங்களைத் தொடும் வாயில்கள், நீர் வந்து போக ஒரு தாழ்நிலம், ஓரத்தில் சில பாத்திகள் ஆகியன போதும். இவற்றுள் ஒன்றேனும் வரைபடத்தில் ஏறவேண்டுமாயின், அதற்கு முன் எவரேனும் ஒருவர் அங்கு வாழ்வோரிடம் சரியான வினாவைக் கேட்டிருக்கவேண்டும்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவரை அருகிலுள்ள சிறு பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரம் அமர்ந்து, அங்கே கண்ட வினைகளை மட்டும் அவர்கள் எழுதட்டும்: யார், எப்போது, யாரோடு, எதற்காக. பின்னர்ப் பலகையில் உள்ள வினைகளையும் எழுதட்டும். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தால் இலக்கணப் பாடம் ஒன்று நிறைவுறும். அப்பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் திருத்தமாக எழுதி நகர மன்றத்திற்கு அனுப்புங்கள். பள்ளிப் பேருந்துக்காக வெயிலில் நிற்கும் பாட்டி ஒருவர் அதில் நிச்சயம் இருப்பார்.